சப்டைட்டிலா, டப்பிங்கா: அனிமேவை எந்தக் குரலில் பார்ப்பது?

2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' என்ற அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் படம், அமெரிக்காவில் வெளியானது. முதல் மூன்று நாளில் ஏறத்தாழ 7 கோடி டாலர் வசூல். அதுவரை அங்கே ஓர் அனிமே படம் முதல் வார இறுதியில் அள்ளிய அதிகபட்சத் தொகை 3.1 கோடி டாலர். அது 1999-ல் வந்த முதல் போகிமான் படத்தின் கணக்கு. விலைவாசி ஏற்றத்தைக் கழித்தால் இடைவெளி சுருங்கும் என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு தலைமுறை முழுக்க அசையாமல் நின்ற சாதனை அது.

இந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் நடந்த இன்னொரு மாற்றம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1999-ல் அமெரிக்கத் தியேட்டருக்குப் போன குழந்தைக்குக் கிடைத்தது ஆங்கிலம் பேசும் போகிமான் மட்டும். 2025-ல் டிக்கெட் எடுக்கப் போனவரிடம் ஒரு கேள்வி காத்திருந்தது: ஜப்பானியக் குரலும் ஆங்கில சப்டைட்டிலுமா, ஆங்கில டப்பிங்கா? இந்தியாவில் அதே படம் ஜப்பானியம், ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு என ஐந்து குரல்களில் வந்தது. நமக்குக் கேள்வி இன்னும் பெரிது.

புதிதாக அனிமே பார்க்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். "எதைப் பார்க்கலாம்" என்பதற்கு எங்கும் பட்டியல் கிடைத்துவிடுகிறது. "எப்படிப் பார்க்கலாம்" என்று கேட்டால்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். டப்பிங் பார்க்கிறவரை ரசிகராகவே மதிக்காத ஆட்கள் உண்டு. இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் நம் முடிவு எளிதாகும் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

1990-களின் அமெரிக்காவில் அனிமே வீஎச்எஸ் கேசட்டில் விற்றது. கேசட்டில் ஒரு மொழிதான் அடங்கும். அதனால் ஒரே கதையை நிறுவனங்கள் இரண்டு கேசட்டாகப் போட்டன: ஒன்று டப்பிங், மற்றது சப்டைட்டில். சப்டைட்டில் கேசட்டை வாங்குகிறவர்கள் குறைவு என்பதால் அதன் விலை அதிகம். ஒரு கேசட்டில் சில எபிசோடுகள்தான் இருக்கும். ஒரு தொடரை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் வரிசையாகப் பல கேசட் வாங்க வேண்டும். கல்லூரி மாணவர் ஒருவர் தன் கைக்காசைப் போட்டு எதை வாங்குவது என்று கடை அலமாரி முன் நின்று முடிவு செய்தாக வேண்டும். அப்படிச் செலவு செய்தவர் தன் தேர்வை விட்டுக்கொடுப்பாரா? டிவிடி வந்ததும் இரண்டு குரலும் ஒரே தட்டில் அடங்கிவிட்டன. பணம் சம்பந்தப்பட்ட காரணம் அத்தோடு போயிற்று. சண்டை மட்டும் தங்கிவிட்டது.

சப்டைட்டில் பக்கம் நின்றவர்களின் கோபத்துக்கு வேறு நியாயமும் இருந்தது. அன்றைய டப்பிங் என்பது வெறும் குரல் மாற்றம் இல்லை. கதையையே வெட்டி ஒட்டுவது. 1985-ல் வந்த 'ரோபோடெக்' ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மூன்று ஜப்பானியத் தொடர்களை இணைத்துச் செய்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் தினசரி ஒளிபரப்ப 65 எபிசோடாவது தேவை, அந்த மூன்றில் ஒன்றான 'மாக்ராஸ்' தொடரில் இருந்ததோ 36. ஆகவே மற்ற இரண்டையும் சேர்த்து மூன்று தலைமுறைகளாக நீளும் ஒரே கதை போல எழுதிவிட்டார்கள். அதே வருடம் ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் 'நவுசிகா' படம் இருபது நிமிடத்துக்கு மேல் வெட்டப்பட்டு, பெயரும் மாற்றப்பட்டு அங்கே வெளியானது. அந்தக் காயம் மியாசாகியின் குழுவுக்கு ஆறவே இல்லை. பின்னாளில் அவருடைய 'பிரின்சஸ் மொனோனொகே' அமெரிக்காவில் வெளியிட மிராமாக்ஸ் நிறுவனத்துக்குப் போனபோது, தயாரிப்பாளர் தோஷியோ சுசுகி "வெட்டக் கூடாது" என்ற செய்தியோடு ஒரு ஜப்பானிய வாளையே அதன் தலைவருக்குக் கொடுத்தார். படம் வெட்டுப்படாமல் வந்தது.

சின்னத்திரையில் அப்படி வாள் கொடுக்க ஆள் இல்லை. போகிமானில் கையில் சோற்று உருண்டையை வைத்துக்கொண்டு அதை ஜெல்லி டோனட் என்றார்கள். 'சைலர் மூன்' தொடரில் காதலர்களான இரண்டு பெண்களை உறவுக்காரச் சகோதரிகளாக்கினார்கள். 2004-ல் 'ஒன் பீஸ்' அமெரிக்காவுக்கு வந்தபோது சாஞ்சி என்ற பாத்திரத்தின் வாயிலிருந்த சிகரெட் லாலிபாப் ஆனது. குழந்தைகள் பார்ப்பதால் சிகரெட்டை மறைத்ததையாவது புரிந்துகொள்ளலாம். சோற்றை ஏன் மறைக்க வேண்டும்? வேறொரு நாட்டுப் பிள்ளை வேறொன்றைச் சாப்பிடும் என்பதுகூடத் தன் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்த மனம் அது. அதன் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

இதற்கு எதிராக எழுந்தவர்கள்தான் ஃபேன்சப் குழுக்கள், அதாவது தாங்களே சப்டைட்டில் போட்ட ரசிகர்கள். ஜப்பானிலிருந்து லேசர் டிஸ்க் வரவழைத்து, அமீகா கணினியில் எழுத்தைப் படத்தின் மேல் ஏற்றி, கேசட்டுகளில் பிரதி எடுத்தார்கள். காலி கேசட்டும் தபால்தலை ஒட்டிய உறையும் அனுப்பினால் பதிவு செய்து திருப்பி அனுப்புவார்கள். "விற்பனைக்கு அல்ல" என்று திரையிலேயே போட்டிருப்பார்கள். சட்டப்படி அது தவறு. ஆனால் பணம் வாங்காமல் இரவு பகலாக உட்கார்ந்து மொழிபெயர்த்த அந்த மாணவர்கள் இல்லாமல் இன்றைய சந்தை உருவாகியிருக்காது. 2006-ல் தொடங்கிய க்ரஞ்சிரோல் என்ற அனிமே இணையதளம்கூட முதலில் இப்படி உரிமம் இல்லாத வீடியோக்களோடுதான் வளர்ந்தது. 2009-ல் முழுமையாக உரிமம் பெற்ற தளமானது. 2021-ல் சோனி அதை 117.5 கோடி டாலருக்கு வாங்கியது.

சரி, அப்படியானால் சப்டைட்டில்தான் சரியா? இங்கேதான் எனக்கு அந்தப் பழைய ரசிகர்களோடு கருத்து வேறுபாடு.

2001 செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவில் 'அடல்ட் ஸ்விம்' என்ற இரவு ஒளிபரப்பு தொடங்கியது. முதல் இரவிலேயே அதில் 'கௌபாய் பீபாப்' வந்தது. ஷினிசிரோ வதனபே இயக்கிய 26 எபிசோடு தொடர். பரிசுப் பணத்துக்காகக் குற்றவாளிகளைத் துரத்தி விண்வெளியில் அலைகிறவர்களின் கதை. ஸ்பைக் பாத்திரத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்டீவ் ப்ளம் கொடுத்த சோம்பலான, கரகரத்த குரலைக் கேட்ட பல அமெரிக்க ரசிகர்கள் இன்றுவரை அந்தத் தொடரை ஆங்கிலத்தில்தான் பார்க்கச் சொல்கிறார்கள். காரணம் எளிது. அந்தக் கதையின் உலகம் ஜாஸ், ப்ளூஸ், பழைய அமெரிக்கத் துப்பறியும் படங்கள், பல இனத்தவர் நெருக்கியடித்து வாழும் ஊர்கள் ஆகியவற்றால் ஆனது. அங்கே ஆங்கிலம் வெளியாள் மொழி ஆகாது. 'பக்கானோ!' இன்னும் தெளிவான உதாரணம். 1930-களின் அமெரிக்கா, மதுவிலக்குக் காலத்துத் தாதாக்கள், சிகாகோவிலிருந்து நியூயார்க் போகும் ரயில். அந்தத் தாதாக்கள் அமெரிக்க உச்சரிப்போடு பேசக் கேட்பதுதான் எனக்கு இயல்பாக இருந்தது. ஜப்பானியத்தில் பார்த்தபோது நடிப்பு அருமை, ஊர்தான் எங்கோ தள்ளிப் போய்விட்டது.

ஆகவே என் முதல் அளவுகோல்: கதை எங்கே நடக்கிறது? மேற்கில் நடந்தால் ஆங்கில டப்பிங்கைத் தயங்காமல் எடுங்கள்.

பிரான்சில் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எந்த அளவுகோலுக்கும் அடங்காதது. அங்கே அனிமே அலை அமெரிக்காவை விட முந்தியது. 1978-ல் 'கோல்டொராக்' என்ற பெயரில் வந்த ராட்சத ரோபோ தொடர் பிரெஞ்சுப் பிள்ளைகளை ஆட்டிப்படைத்தது. 1987-ல் தொடங்கிய 'க்ளப் டோரத்தே' என்ற சிறுவர் நிகழ்ச்சி பத்து வருடம் ஜப்பானியத் தொடர்களை வரிசையாகக் காட்டியது. அதில் 'ஃபிஸ்ட் ஆஃப் தி நார்த் ஸ்டார்' தொடரும் ஒன்று. தலைகள் வெடித்துச் சிதறும் கொடூரக் கதை அது. சிறுவர் நிகழ்ச்சிக்கு எப்படித்தான் வாங்கினார்களோ. டப்பிங் பேச வந்த நடிகர்களுக்கு அந்த வன்முறை பிடிக்கவில்லை. விட்டுவிட்டுப் போகாமல், வசனங்களையெல்லாம் சிலேடையும் கேலியுமாக மாற்றிப் பேசித் தள்ளினார்கள். மூலத்துக்குச் செய்த துரோகம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பிள்ளைகள் இன்று நடுவயதிலும் அந்த வசனங்களைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு அந்தத் தொடர் என்றாலே அந்தக் குரல்கள்தான். டப்பிங் சில சமயம் தனி உயிர் பெற்றுவிடுகிறது.

இன்னொரு நம்பிக்கையையும் கேள்வி கேட்க வேண்டும். சப்டைட்டில் என்றால் மூலம், டப்பிங் என்றால் கலப்படம் என்ற நம்பிக்கை. 2019-ல் நெட்ஃப்ளிக்ஸ் 'இவாஞ்ஜெலியன்' தொடரைப் புது மொழிபெயர்ப்போடு வெளியிட்டது. அதில் கவோரு என்ற பையன் ஷின்ஜியிடம் மனம் திறக்கும் ஓர் இடம். பழைய ஆங்கிலத்தில் அது காதல் என்று வந்திருந்தது. புதியதில் வெறும் விருப்பம் என்று இறங்கிவிட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். ஜப்பானியத்தில் அவன் சொல்வது 'சுகி' என்ற சொல். விருப்பம், காதல் இரண்டுக்கும் பொதுவானது. ஆங்கிலத்தில் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். சப்டைட்டில் எழுதுகிறவர் சாய்ந்த பக்கம்தான் பார்ப்பவருக்குக் கதை. குரல் ஜப்பானியமாக இருப்பதால் மூலத்தையே பார்க்கிறோம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் தமிழை நினைத்துப் பாருங்கள். "உன்னைப் பிடிச்சிருக்கு." தோழனிடமும் சொல்லலாம், காதலனிடமும் சொல்லலாம். எது என்பதைக் கேட்பவர் மனம் முடிவு செய்துகொள்ளும். ஆங்கிலம் தடுமாறிய இடத்தைத் தமிழ் ஒரே வார்த்தையில் கடந்துவிடும்.

எனக்கு இது தற்செயலாகத் தெரியவில்லை. ஜப்பானியத்தில் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். தமிழிலும் அப்படியே. ஒரு பாத்திரம் "அவனை... அன்றைக்கு... நான்தான்..." என்று இழுத்து இழுத்துக் கடைசியில் "கொன்றேன்" என்று முடிக்கும்போது அந்த இழுப்பில்தான் நடிப்பு இருக்கிறது. ஆங்கில சப்டைட்டிலில் முழு வாக்கியமும் முதல் நொடியிலேயே திரையில் வந்துவிடும். நடிகர் அந்தச் சொல்லுக்கு வந்து சேர்வதற்குள் நாம் படித்து முடித்துவிடுகிறோம். எத்தனையோ உச்சக் காட்சிகள் இப்படி எனக்குக் கெட்டுப்போயிருக்கின்றன. அப்புறம் உறவுச் சொற்கள். ஆங்கிலத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே சொல். சப்டைட்டிலில் 'ஓனீசான்' வருமிடத்தில் பெயரைப் போட்டுச் சமாளிப்பார்கள். நமக்கு அண்ணா இருக்கிறது.

'டீமன் ஸ்லேயர்' தொடரில் ஓர் இடம். காயத்தோடு சண்டை போடும் நாயகன் தஞ்சிரோ, நான் மூத்த பிள்ளை, அதனால் இந்த வலியைத் தாங்கினேன், இரண்டாவது பிள்ளையாக இருந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டேன் என்று தனக்குள் சொல்லிக்கொள்வான். மேற்கத்திய ரசிகர்களில் பலருக்கு அது வேடிக்கையான வரி. அப்பா இல்லாத வீட்டில் மூத்தவனாகப் பிறந்த ஒருவனை நமக்குத் தெரியும். 'மூத்த பிள்ளை' என்று தமிழில் சொன்ன உடனே அவன் தோளில் இருக்கும் சுமை தெரிந்துவிடும்.

இதனால்தான் சொல்கிறேன், அமெரிக்கச் சண்டையை நாம் அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. அங்கே கேள்வி இரண்டு மொழிகளுக்கு நடுவில். இங்கே ஆங்கில சப்டைட்டிலைப் படிக்கும் தமிழர், ஜப்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்ததை மறுபடி மனதுக்குள் தமிழாக்கிக்கொள்கிறார். அந்த வேலையைச் செய்துகொண்டே படத்தையும் பார்க்க வேண்டும்.

படத்தைப் பார்ப்பது என்று சொன்னேன். இது சின்ன விஷயம் இல்லை. 'ஸ்பிரிட்டட் அவே' போன்ற படத்தில் ஒவ்வொரு ஃப்ரேமின் மூலையிலும் ஏதோ நடந்துகொண்டிருக்கும். எழுத்தில் கண்ணை வைத்தால் அதெல்லாம் போச்சு. குழந்தையோடு பார்க்கிறீர்கள் என்றால் டப்பிங் தவிர வேறு வழியே இல்லை. மியாசாகியின் கிப்லி ஸ்டுடியோ எடுத்த இத்தகைய படங்களின் ஆங்கில டப்பிங் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும்: 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்'. மூலத்தில் கதை முடியும்போது கிகிக்குத் தன் பூனை ஜிஜியின் பேச்சு திரும்பவும் கேட்பதில்லை. அவள் வளர்ந்துவிட்டாள். 1998-ல் வந்த டிஸ்னி டப்பிங்கில் கடைசியில் பூனையைப் பேச வைத்துவிட்டார்கள். ஒரே ஒரு வரி, படத்தின் அர்த்தமே மாறிப்போனது. பின்னாளில் வந்த பதிப்பில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். பழைய பதிப்பு கையில் கிடைத்தால் இந்தப் படத்தை மட்டும் சப்டைட்டிலோடு பாருங்கள்.

எந்த டப்பிங்கும் தொட முடியாத சில படைப்புகள் இருக்கின்றன. மகோட்டோ ஷின்காயின் 'யுவர் நேம்' படத்தில், பையன் உடம்புக்குள் மாட்டிக்கொண்ட மிட்சுஹா என்ற பெண், அவன் நண்பர்களிடம் பேசும்போது 'நான்' என்பதற்குப் பெண் சொல்லும் 'வதாஷி'யில் தொடங்கி, அவர்கள் முகம் சுளிக்கச் சுளிக்க வேறு வேறு சொல் போட்டுப் பார்த்து, கடைசியில் பையன்கள் சொல்லும் 'ஓரே'வுக்கு வந்து சேர்வாள். நண்பர்கள் அப்போதுதான் தலையாட்டுவார்கள். தமிழில் 'நான்' ஒன்றே ஒன்றுதான். இங்கே நம் மொழியும் கைவிரித்துவிடும். 'ஷோவா கென்ரொகு ரகுகோ ஷிஞ்சூ' இன்னும் கடினம். மேடையில் ஒரே ஆள் உட்கார்ந்து பல பாத்திரங்களாகப் பேசிக் கதை சொல்லும் ரகுகோ கலைஞர்களின் வாழ்க்கை அது. அந்தக் குரல்தான் படைப்பு. நம்மூர் வில்லுப்பாட்டைப் பிரெஞ்சில் பாட வைத்தால் என்ன மிஞ்சும்? இப்படிப்பட்டவற்றுக்கு ஜப்பானியக் குரலும் சப்டைட்டிலும்தான். பொறுமையாக, தனியாக, போனைத் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள்.

நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். புதுத் தொடர்கள் சப்டைட்டிலோடு ஜப்பானில் ஒளிபரப்பான அன்றே கிடைத்துவிடும். டப்பிங் பின்னால் வரும். கதையை யாராவது உடைத்துவிடுவார்கள் என்று பயந்தால் சப்டைட்டில்தான்.

கூட்டம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் கேட்பார்கள். 2025-ல் நெட்ஃப்ளிக்ஸ் தன் சந்தாதாரர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அனிமே பார்ப்பதாகவும், அவர்களில் 80 முதல் 90 சதவீதத்தினர் டப்பிங்கிலேயே பார்ப்பதாகவும் சொன்னது. சப்டைட்டில் ரசிகர்கள் வழியை வெட்டினார்கள், டப்பிங் அந்த வழியில் ஊரையே கூட்டி வந்தது. இரண்டு பேருக்கும் நான் நன்றி சொல்வேன்.

தமிழ் டப்பிங்கைப் பற்றி உண்மையையும் சொல்லிவிடுகிறேன். ஷின்சான் தமிழில் பேசிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது புதிதில்லை. 'சோலோ லெவலிங்' போன்ற தொடர்கள் இப்போது தமிழில் வருகின்றன. ஆனால் எல்லாம் ஒரே தரம் இல்லை. சிலவற்றில் வசனம் ஆங்கிலத்திலிருந்து எழுதப்பட்டது என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே எனக்குப் பட்டிருக்கிறது. அண்ணா என்று கூப்பிட வேண்டிய இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது அது தெரிந்துவிடும். சிலவற்றில் பயங்கரமான அரக்கனும் மீம் பேசுவதைப் போலப் பேசுகிறான். அதனால் என் பழக்கம் இது: முதல் எபிசோடில் ஒரு பத்து நிமிடம் தமிழில் பார்ப்பேன். மரியாதைச் சொற்கள் சரியாக இருக்கின்றனவா, கோபத்தில் பேசும்போது மனிதர் பேசுவது போல இருக்கிறதா என்று கவனிப்பேன். இரண்டும் இருந்தால் தமிழிலேயே தொடர்வேன். இல்லையென்றால் ஜப்பானியத்துக்கு மாறுவேன். ஆங்கில டப்பிங்குக்கு நான் போவது கதை மேற்கில் நடக்கும்போதும், தமிழ் தெரியாத நண்பர்கள் கூட இருக்கும்போதும்தான்.

நல்ல தமிழ் வசனம் எழுத ஆள் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரே ஒரு வரியைக் காட்டுகிறேன். ஜப்பானிய வீடுகளில் வெளியே கிளம்புகிறவர் 'இத்தெகிமாஸ்' என்பார். உள்ளே இருப்பவர் 'இத்தெராஷாய்' என்பார். எல்லா அனிமேயிலும் வரும் சாதாரண வார்த்தைகள். ஆங்கிலத்தில் கிளம்புகிறேன், பிறகு பார்க்கலாம் என்ற அளவில் முடிந்துவிடும். 'அட்டாக் ஆன் டைட்டன்' கதையில் மிகாசா எரெனிடம் 'இத்தெராஷாய்' என்று சொல்லும் ஓர் இடம் இருக்கிறது. எங்கே, எப்போது என்று சொன்னால் பார்க்காதவர்களுக்குக் கெடுத்துவிடுவேன். அந்த வரியை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னாலும் போதவில்லை என்று மேற்கத்திய ரசிகர்கள் இன்னும் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் அதற்கு விளக்கம் எதற்கு? போறேன் என்று சொல்லிவிட்டு யாரும் படியிறங்காத வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். "போயிட்டு வா, எரென்."